ஆபரேஷன் டேபிளில் அழுத்தக் காயம்: யாருக்கு, எங்கே, எவ்வளவு நேரத்தில் வரும் என்று கணிப்பது எப்படி

அழுத்தக் காயம், அதாவது படுக்கைப்புண், வரும் ஆபத்தை அளக்க வார்டில் பயன்படுவது பிரேடன் அளவுகோல்; மதிப்பெண் குறையக் குறைய ஆபத்து கூடும். அதில் 23-க்கு 23 வாங்கிய ஆரோக்கியமான இளைஞரை டேபிளில் படுக்கவைத்துப் பொது மயக்கம் கொடுத்தபின், அதே அளவுகோலால் மறுபடி அளந்து பாருங்கள். வலி உணர்வு 4-லிருந்து 1 ஆகிவிடும். நடமாட்டம் 1, அசைவும் 1. ஒரே நொடியில் 9 மதிப்பெண் போய் 14-ல் நிற்பார். பிரேடனில் 18-ம் அதற்குக் கீழும் ஆபத்து என்பதால், மயக்கத்தில் இருக்கும் ஒவ்வொருவரும் ஆபத்துப் பட்டியலில் வந்துவிடுகிறார்கள். எல்லோரையும் ஒரே பக்கம் தள்ளும் அளவுகோலை வைத்து யாருக்குக் கூடுதல் கவனம் வேண்டும் என்று பிரிக்க முடியாது. வார்டின் பிரேடன் தாளை அப்படியே தியேட்டருக்குள் கொண்டுவந்து "மதிப்பீடு முடிந்தது" என்று டிக் போடுவது போதாது என்று சொல்வதற்கு இதுதான் காரணம்.

தியேட்டருக்குள் மூன்று கேள்விகள்தான். இந்த நிலையில் படுத்தால் எடை எந்த எலும்பில் இறங்கும்? அங்கே எவ்வளவு நேரம் இறங்கியிருக்கும்? அந்தத் திசுவுக்கு அதைத் தாங்கும் வலு இருக்கிறதா? மதிப்பெண் எதுவானாலும் இந்த மூன்றுக்கும் பதில் எழுதப்படவில்லை என்றால் மதிப்பீடு நடக்கவில்லை என்றே கொள்ளுங்கள்.

காயம் எப்படி உண்டாகிறது

எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவில் திசு நசுங்கும்போது நுண்ணிய ரத்தக்குழாய்கள் அடைபடுகின்றன. அழுத்தமும் நேரமும் எதிரெதிராக வேலை செய்யும். அதிக அழுத்தம் என்றால் குறைந்த நேரத்திலேயே சேதம். குறைந்த அழுத்தமானாலும் நீண்ட நேரம் நீடித்தால் அதே சேதம். இதோடு உராய்வும் இழுவிசையும் சேரும். தலைப்பக்கம் தாழ்த்திச் சாய்க்கும்போது தோல் மெத்தையில் ஒட்டிக்கொண்டிருக்க, உள்ளே எலும்பு மட்டும் நழுவுகிறது; இடையில் உள்ள குழாய்கள் இழுபட்டு மடங்கிவிடும்.

தோலைவிடத் தசை ரத்தக்குறைவைத் தாங்காது. அதனால் சேதம் பெரும்பாலும் எலும்பை ஒட்டிய தசையில் தொடங்கி மேலே வருகிறது. டேபிளிலிருந்து இறக்கும்போது தோல் சுத்தமாகத் தெரியும். 48 முதல் 72 மணி நேரம் கழித்து வார்டில் ஊதா அல்லது கருஞ்சிவப்புத் திட்டு எழும்பும். தியேட்டர்காரர்கள் தங்கள் கையால் நடந்த காயத்தைக் கண்ணால் பார்ப்பதே அரிது. அதனால்தான் முன்கூட்டிய கணிப்புக்கு இவ்வளவு முக்கியத்துவம்.

ஆபரேஷனுக்கு முன்: தாளையும் பாருங்கள், உடம்பையும் பாருங்கள்

கேஸ் ஷீட்டிலிருந்து எடுக்க வேண்டியவை: வயது, பி.எம்.ஐ. (உயரத்துக்கு ஏற்ற எடைக் குறியீடு), சமீபத்திய எடைக்குறைவு, சர்க்கரை நோய், ரத்தக்குழாய் நோய், சிறுநீரக, இதய, நுரையீரல் கோளாறுகள், புகைப்பழக்கம், ஸ்டீராய்டு மருந்து, ஹீமோகுளோபின், அல்புமின் (ரத்தத்தில் உள்ள புரதம்), ஏ.எஸ்.ஏ. வகை (நோயாளியின் உடல்நிலை எவ்வளவு மோசம் என்று மயக்கவியல் மருத்துவர் தரும் எண்), பழைய படுக்கைப்புண் தழும்பு. அல்புமினைப் பற்றி ஒரு வார்த்தை: அது குறைந்தால் சாப்பாடு போதவில்லை என்று மட்டும் அர்த்தமில்லை. தொற்றும் வீக்கமும் இருந்தாலே குறையும். நோயாளியின் உடல் எவ்வளவு தளர்ந்திருக்கிறது என்பதன் அடையாளமாக அதை எடுத்துக்கொள்ளுங்கள். பி.எம்.ஐ. விஷயத்தில் இரண்டு முனைகளும் ஆபத்துதான். மெலிந்தவருக்கு எலும்பு முட்டும். பருத்தவருக்கு எடை கூடும், ஈரம் மடிப்புகளில் தங்கும், டேபிளின் அகலமும் போதாமல் பக்கக் கம்பிகள் அழுத்தும்.

பிறகு உடம்பு. காத்திருப்பு அறையில் போர்வையை விலக்கி, நல்ல வெளிச்சத்தில் பின்மண்டை, தோள்பட்டை எலும்பு, முழங்கை, இடுப்பின் பின்புற நடு எலும்பு, பிட்டம், குதிகால் ஆகியவற்றை நேரில் பாருங்கள். நோயாளி விழித்திருக்கும்போதே ஒருக்களித்துப் படுக்கச் சொன்னால் அரை நிமிட வேலை. சிவப்பு தெரிந்தால் விரலால் மூன்று நொடி அழுத்தி எடுங்கள். வெளுத்துப் பின் சிவந்தால் ரத்த ஓட்டம் இருக்கிறது. வெளுக்காமல் அப்படியே நின்றால் அது முதல் நிலைக் காயம். டேபிளுக்கு வருவதற்கு முன்பே வந்துவிட்டது.

கருமையான தோலில் இந்தச் சிவப்பை நம்பி இருக்க முடியாது. வெளுப்பதும் கண்ணுக்குத் தெரியாது. அங்கே கைதான் கருவி. புறங்கையை எலும்பு மேட்டில் வைத்துப் பக்கத்துத் தோலோடு ஒப்பிடுங்கள்: சூடாக இருக்கிறதா, சில்லென்று இருக்கிறதா, கெட்டியாக இருக்கிறதா, சதசதவென்று இருக்கிறதா, தொட்டால் வலிக்கிறதா. பக்கத்து இடத்தைவிட நிறம் கருத்தோ ஊதாவாகவோ தெரிந்தால் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்றுமில்லை என்றாலும் "இந்த இடங்கள் பார்க்கப்பட்டன, தோல் இயல்பு" என்று எழுத வேண்டும். அந்த ஒரு வரி இல்லாவிட்டால் மூன்றாம் நாள் வரும் காயம் எங்கே உண்டானது என்று யாராலும் சொல்ல முடியாது.

கழுத்து எவ்வளவு திரும்புகிறது, தோள் எவ்வளவு உயர்கிறது, இடுப்பும் முழங்காலும் எவ்வளவு மடங்குகின்றன என்பதையும் விழித்திருக்கும்போதே செய்து காட்டச் சொல்லுங்கள். மயக்கத்தில் தசை தளர்ந்தபின் எந்த மூட்டும் எதிர்ப்புக் காட்டாது.

நேரத்தைச் சரியாகக் கூட்டுங்கள்

அதிகம் தவறும் இடம் இது. பட்டியலில் "2 மணி நேரம்" என்று இருந்தால் அது கத்தி வைப்பதிலிருந்து தையல் முடியும் வரை. திசுவுக்கு அந்தக் கணக்கு தெரியாது. இடுப்பு எலும்பு முறிந்து வந்த முதியவரை எடுத்துக்கொள்ளுங்கள். அவசரப் பிரிவின் ஸ்ட்ரெச்சரில் 3 மணி நேரம், எக்ஸ்ரே டேபிளில் அரை மணி, காத்திருப்பு அறையில் 1 மணி, மயக்கமும் நிலைப்படுத்தலும் முக்கால் மணி, அறுவை 2 மணி, மீட்பு அறையில் 1 மணி. மொத்தம் 8 மணி நேரத்தைத் தாண்டிவிட்டது. அதில் பெரும்பகுதி ஒரே இடுப்பெலும்பின் மேல், அதுவும் மெல்லிய மெத்தையில். வலிக்குப் பயந்து அவர் விழித்திருந்த நேரத்திலும் அசையவில்லை. மதிப்பீட்டுத் தாளில் எழுத வேண்டியது இந்த மொத்த அசையா நேரத்தைத்தான்.

எந்த அளவுகோல்

அறுவைக்கென்றே வந்தவை மூன்று பரவலாகப் பயன்படுகின்றன.

ஸ்காட் டிரிகர்ஸ் மிகச் சுருக்கமானது. நான்கே கேள்விகள்: வயது 62 அல்லது அதற்கு மேலா? அல்புமின் டெசிலிட்டருக்கு 3.5 கிராமுக்குக் கீழா, அல்லது பி.எம்.ஐ. 19-க்குக் கீழோ 40-க்கு மேலோ இருக்கிறதா? ஏ.எஸ்.ஏ. 3 அல்லது அதற்கு மேலா? அறுவை 3 மணி நேரத்தைத் தாண்டுமா? இரண்டுக்கு "ஆம்" வந்தால் உயர் ஆபத்து. கேஸ் அதிகமுள்ள தியேட்டரில் முதல் வடிகட்டியாக இதையே வைக்கலாம்.

மன்ரோ அளவுகோல் அறுவைக்கு முன், அறுவையின்போது, அறுவைக்குப் பின் என மூன்று கட்டமாகக் கூட்டிக்கொண்டே போகும். முதல் கட்டத்தில் அசைவு, பட்டினி நேரம், பி.எம்.ஐ., எடைக்குறைவு, வயது, துணை நோய்கள். இரண்டாவதில் ஏ.எஸ்.ஏ., மயக்க வகை, உடல் வெப்பம், ரத்த அழுத்த வீழ்ச்சி, ஈரம், மெத்தை, நிலை. மூன்றாவதில் மொத்த நேரமும் ரத்த இழப்பும். மொத்தம் 29-ஐத் தொட்டால் உயர் ஆபத்து. இதன் பலம், டேபிளில் நடந்தவற்றையும் கணக்கில் எடுப்பது. பலவீனம், மூன்று கட்டத்தையும் வெவ்வேறு கைகள் நிரப்ப வேண்டும். நடுவில் ஒருவர் விட்டால் எண்ணுக்கு மதிப்பில்லை.

பிரேசிலில் உருவான எல்போ (ELPO) அளவுகோல் ஏழு தலைப்புகளுக்கு 1 முதல் 5 வரை கொடுக்கும். 7-லிருந்து 35 வரை போகும், 20-ம் அதற்கு மேலும் உயர் ஆபத்து. நிலைப்படுத்தலையே மையமாக வைத்திருப்பதால், டேபிளில் என்ன செய்ய வேண்டும் என்று யோசிக்க இது நன்றாக உதவும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வயது 68, சர்க்கரை நோய், முதுகெலும்பு அறுவை, குப்புற, பொது மயக்கம், எதிர்பார்க்கும் நேரம் நாலரை மணி, ஃபோம் மெத்தை, ஃபோம் தாங்கிகள், கைகள் உடம்போடு. குப்புற நிலைக்கு 4, நேரத்துக்கு 4, பொது மயக்கத்துக்கு 4, மெத்தைக்கு 3, கைகால் நிலைக்கு 1, சர்க்கரைக்கு 3, வயதுக்கு 3. மொத்தம் 22. இப்போது மெத்தையையும் தாங்கிகளையும் மிகச் சிறந்ததாக மாற்றினால் அந்தத் தலைப்பு 1 ஆகும், மொத்தம் 20. இன்னும் உயர் ஆபத்துதான். "நல்ல மெத்தை போட்டாச்சு, இனிக் கவலையில்லை" என்று விட்டுவிடக் கூடாது என்பதை இந்த 20 காட்டுகிறது. முகத்தை நடுநடுவே பார்ப்பது, நேரத்தை அறிவிப்பது, பிறகு மூன்று நாள் தொடர்வது எல்லாம் இந்த நோயாளிக்குக் கட்டாயம்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் ஒன்றையே எல்லோரும் பயன்படுத்துங்கள். எண்ணுக்குப் பக்கத்திலேயே அதற்கான நடவடிக்கையும் எழுதியிருக்க வேண்டும்.

நிலைக்கு நிலை எடை எங்கே இறங்குகிறது

மல்லாந்த நிலையில் பின்மண்டை, தோள்பட்டை, முழங்கை, இடுப்பின் பின் எலும்பு, குதிகால். இவற்றில் குதிகாலை முழுவதுமாகத் தூக்கிவிட முடியும் என்பதால் அங்கே காயம் வருவதற்குச் சாக்கே கிடையாது. கெண்டைக்கால் முழுக்க நீளமாகத் தாங்கி வைத்து, முழங்காலை 5 முதல் 10 டிகிரி மடக்கி, குதிகாலுக்கும் மெத்தைக்கும் நடுவில் காகிதம் ஒன்று தடையில்லாமல் நுழைகிறதா என்று பாருங்கள். தாங்கியைக் கணுக்காலுக்கு மேலே குறுகலாக மட்டும் வைத்தால் எடை முழுதும் குதிகால் தசைநாணில் இறங்கும். முழங்கால் மடிப்புக்கு நேர் கீழே வைத்தால் சிரை அழுந்தி ரத்தம் உறைய வழியாகும்.

பக்கவாட்டில் படுத்தால் கீழ்ப்பக்கக் காது, தோள் முனை, விலா, இடுப்பு மேடு, தொடை எலும்பின் மேல்முனை, முழங்கால், கணுக்கால். காது மடங்கியிருக்கிறதா என்று விரலை விட்டுப் பார்க்க வேண்டும். அக்குள் தாங்கியை அக்குளுக்குள்ளே அல்ல, அதற்குச் சற்றுக் கீழே மார்புக்கூட்டின் அடியில் வைக்க வேண்டும். இரண்டு முழங்காலுக்கும் நடுவில் தலையணை.

குப்புற நிலைதான் அதிகம் கவனம் கேட்பது. நெற்றி, கன்னம், தாடை, மார்பகம், இடுப்பின் முன் எலும்பு, ஆணுறுப்பு, முழங்கால், கால்விரல் நுனி. கண்ணில் எந்த அழுத்தமும் இருக்கக் கூடாது. பார்வையே போய்விடும் அபாயம் உண்டு. முகத் தாங்கியில் கண்ணாடி இருந்தால் அதில் பார்த்து, இல்லாவிட்டால் கையை விட்டு, கண்ணும் மூக்கும் தாடையும் தொங்கலாக இருக்கின்றனவா என்று மயக்கவியல் மருத்துவரோடு சேர்ந்து குறித்த இடைவெளியில் உறுதிசெய்து நேரத்தோடு எழுதுங்கள். நிலை மாற்றியதும் ஒருமுறை, டேபிள் சாய்த்ததும் ஒருமுறை தவறாமல்.

கால்களைத் தூக்கிக் கட்டும் நிலையில் பிட்டத்துக்கு எடை கூடும். முழங்காலுக்கு வெளிப்பக்கம், எலும்புத் தலையைச் சுற்றிப் போகும் நரம்பும் அழுந்தும். இரண்டு காலையும் ஒரே நேரத்தில், இருவர் சேர்ந்து, மெதுவாகத் தூக்கி மெதுவாக இறக்க வேண்டும். நீண்ட கேஸில் கெண்டைக்கால் தசைக்குள் அழுத்தம் ஏறும் ஆபத்தும் சேர்கிறது. தலை தாழ்ந்த நிலையில் இழுவிசைதான் முதல் எதிரி. எலும்பு முறிவு டேபிளில் நடுக்கம்பம் இடுப்பிடுக்கில் முட்டும் இடத்தை யாரும் பார்ப்பதில்லை, பாருங்கள்.

மெத்தையும், அதன்மேல் போடுவதும்

மெத்தையில் கைமுட்டியால் அழுத்திப் பாருங்கள். அடியில் உள்ள பலகை கையில் தட்டினால் அந்த ஃபோம் செத்துவிட்டது. உறை கிழிந்திருந்தாலும் மாற்ற வேண்டியதே. காற்று மெத்தை என்றால் நோயாளி படுத்தபின், இடுப்புக்கு நேராக மெத்தையின் அடியில் உள்ளங்கையை மேல்நோக்கி விட்டுப் பாருங்கள். உடம்புக்கும் கைக்கும் நடுவில் 2.5 செ.மீ.-க்குக் குறைவாக இருந்தால் அது தாங்கவில்லை.

எவ்வளவு நல்ல மெத்தையானாலும் மேலே நாலு அடுக்குத் துணி போட்டால் பயன் போய்விடும். துணி உடம்பின் வளைவுக்கு ஏற்ப அமுங்காது. தொட்டில்போல் இழுத்துப் பிடித்து எடையை எலும்பு முனையிலேயே குவிக்கும். சுருக்கமில்லாத ஒரே ஷீட் போதும். சுருட்டிய துண்டு, மடித்த போர்வை, சலைன் பை, வளையத் தலையணை ஆகியவற்றைத் தாங்கியாக வைக்காதீர்கள். வளையம் நடுவில் எடையைக் குறைத்து விளிம்பில் கூட்டிவிடும். ஜெல் பேட் குளிர்ந்த அறையில் இறுகியிருக்கும், உடம்புச் சூட்டையும் இழுக்கும். அறை வெப்பத்துக்கு வந்தபின் போடுங்கள்.

உயர் ஆபத்து உள்ளவருக்கு இடுப்பின் பின் எலும்பிலும் குதிகாலிலும் பல அடுக்குச் சிலிகோன் ஃபோம் டிரெஸ்ஸிங்கை முன்கூட்டியே ஒட்டலாம். தோல் உலர்ந்து, எண்ணெயோ கிரீமோ இல்லாமல் இருக்க வேண்டும். அதைத் தூக்கிப் பார்த்துத் திரும்ப ஒட்ட முடியும் என்பதுதான் அதன் பெரிய வசதி. டிரெஸ்ஸிங் இருக்கிறது என்பதற்காகத் தோலைப் பார்க்காமல் விடாதீர்கள்.

அறுவை நடக்கும்போது எண் மாறும்

முன்பு போட்ட மதிப்பெண் அப்போதைய திட்டத்துக்கானது. 2 மணி நேரக் கேஸ் 5 மணி ஆனால் ஆபத்தும் வேறு. கீழ்க்கண்டவற்றில் எது நடந்தாலும் மறுபடி கணியுங்கள்: ரத்த அழுத்தம் விழுந்து நீடிப்பது, குழாய்களைச் சுருக்கும் மருந்து தொடங்குவது, உடல் வெப்பம் 36 டிகிரிக்குக் கீழ் இறங்குவது, பெரிய ரத்த இழப்பு, இதய நுரையீரல் இயந்திரம், நிலை மாற்றம், நேர நீட்சி. தமனி அழுத்தம் குறைந்தால், முன்பு தாங்கிய அதே மெத்தை அழுத்தம் இப்போது குழாயை மூடிவிடப் போதும்.

கிருமிநாசினி வழிந்து இடுப்புக்கு அடியில் தேங்குவது இன்னொரு காரணம். தோல் ஊறி மென்மையாகி, அழுத்தமும் சேர்ந்தால் சீக்கிரம் உரியும். தடவுவதற்கு முன்பே இரு பக்கமும் உறிஞ்சும் துணி வைத்து, டிரேப் (அறுவை இடத்தைச் சுற்றி மூடும் துணி) போடுவதற்கு முன் உருவி எடுங்கள்.

கருவிகளை மறக்க வேண்டாம். மூச்சுக்குழாய் உதட்டோரத்தில், மூக்குக் குழாய் நாசி விளிம்பில், கேதீட்டர் தொடைக்கு அடியில், ஈ.சி.ஜி. வயர் முதுகுக்கு அடியில், பி.பி. கஃப்பின் குழாய் கைக்கு அடியில். டிரேப் மூடியபின் இவை எதுவும் தெரியாது. மூடுவதற்கு முன் தலையிலிருந்து கால்வரை கையால் ஒருமுறை தடவிப் பாருங்கள். கருவித் தட்டு கால்விரல்களில் இறங்கியிருப்பதும், உதவியாளர் மார்பில் கை ஊன்றுவதும் அழுத்தமே. வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.

நீண்ட கேஸில் மயக்கவியல் மருத்துவரோடு பேசித் தலையைச் சற்று உயர்த்தி, திருப்பி வைக்க முடியுமா, குதிகாலை மீண்டும் பார்க்க முடியுமா என்று அறுவை தொடங்கும் முன்பே முடிவு செய்யுங்கள். தலை தாழ்ந்த நிலையிலிருந்து நேராக்கியதும், முடிந்தால் உடம்பை ஒரு கணம் தூக்கி இறக்கினால் சிக்கிய இழுவிசை விடுபடும்.

முடிந்தபின்

டேபிளிலிருந்து மாற்றும்போது, முன்பு பார்த்த அதே இடங்களை மறுபடி பாருங்கள். இழுக்காமல் நழுவு பலகையைப் பயன்படுத்துங்கள். சிவப்பு தெரிந்தால் அதை அழுத்தாத நிலையில் படுக்கவைத்து, 30 நிமிடம் கழித்து மறுபடி விரலால் அழுத்திப் பாருங்கள். மறைந்தால் ரத்தம் திரும்பியதன் சிவப்பு. நின்றால் காயம். தேய்த்துவிடாதீர்கள்; அடியில் நொந்த தசை இன்னும் நசுங்கும்.

மீட்பு அறைக்கும் வார்டுக்கும் சொல்ல வேண்டியவை: எந்த நிலையில், மொத்தம் எவ்வளவு நேரம், எண் எவ்வளவு, பி.பி. எவ்வளவு நேரம் விழுந்தது, எந்த எலும்பு மேட்டைக் குறிப்பாகப் பார்க்க வேண்டும். முடிந்தவரை டேபிளில் இருந்த நிலைக்கு மாறான நிலையில் படுக்கவையுங்கள். மல்லாந்து 5 மணி நேரம் இருந்தவரை வார்டிலும் மல்லாத்திப் போட்டால் கடிகாரம் நிற்கவேயில்லை.

உயர் ஆபத்து நோயாளியின் தோலை 72 மணி நேரம் வரை ஒவ்வொரு ஷிஃப்டிலும் பார்க்க வேண்டும். இரண்டாம் நாள் ஊதாத் திட்டு தெரிந்தால் "டயதெர்மி பேட் (மின்சாரக் கத்திக்காகத் தோலில் ஒட்டும் தகடு) சுட்டுவிட்டது" என்று உடனே முடிவு கட்டாதீர்கள். பேட் சூட்டுக் காயம் அன்றைக்கே தெரியும், பேட் ஒட்டிய இடத்தில், விளிம்பு கூர்மையாக இருக்கும். கிருமிநாசினி ஊறிய காயம் தோல் மடிப்பையும் வழிந்த பாதையையும் பின்பற்றும். அழுத்தக் காயம் எலும்பு மேட்டின் மேல், தாமதமாக, ஊதா நிறத்தில் வரும். தோல் முழுதாக இருந்தாலும் உள்ளே ஆழமாக இருக்கலாம். நீளம் அளக்கும் ஸ்கேலைப் பக்கத்தில் வைத்து, அனுமதி பெற்றுப் படம் எடுத்து, நீளமும் அகலமும் எழுதி, அந்த இடத்தில் எடை விழாதபடி படுக்கவையுங்கள். பிறகு தியேட்டர் குறிப்பை எடுத்து, திட்டு இருக்கும் எலும்பும் டேபிளில் இருந்த நிலையும் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். பொருந்தினால் தகவல் தியேட்டருக்குப் போக வேண்டும்: எந்த நிலை, எந்த மெத்தை, எத்தனை மணி நேரம் என்பதோடு.